துர்கா கேரளாவுக்குப் போகவில்லை

என் நாற்காலிக்கு வந்திருக்கும் இளைஞர் போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். நல்ல பிள்ளை. ஐந்து நிமிடம் என் உடம்பை விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார்.

“சார், உங்க ஃபைல் எல்லாம் எடுத்துப் பாத்தேன். மாசா மாசம் பாக்கி இல்லன்னு காட்டியிருக்கீங்க. எனக்கு முப்பது பேரு அப்படியே நிக்கிறாங்க. எப்படி சார் முடிச்சீங்க?”

“அப்புறம் பேசறேன் தம்பி” என்று வைத்துவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் தொலைபேசியில் எனக்கு வாயில் வராது. அதனால்தான் எழுதுகிறேன். பணிக்காலம் முடிய இன்னும் ஏழு ஆண்டுகள் இருக்கும்போதே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன் நான். முதுகுவலி என்று காரணம் எழுதியிருந்தேன். முதுகுவலியும் இருந்தது.

கணக்கில் பட்டம் வாங்கி, திட்டக்குடி பக்கத்தில் சில ஆண்டுகள் வகுப்பெடுத்து, பிறகு ஆசிரியர் பயிற்றுநர் என்ற பதவிக்கு வந்தேன். சிதம்பரத்துக்கு அருகே ஒரு வட்டார வள மையம். கடலூரில் வீடு, தினமும் பேருந்து. பெயரைப் பார்த்தால் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை என்று தோன்றும். அதில் பாதிதான் அது. மறு பாதி, பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பது.

அது எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பள்ளியில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் கணினியில் ஒரு எண் உண்டு. பிள்ளை ஊர் மாறினால் பழைய பள்ளி அந்த எண்ணை விடுவித்துப் பொதுத் தொகுப்பு என்கிற ஒரு பட்டியலில் போடும். புதுப் பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். யாரும் எடுத்துக்கொள்ளாத எண்கள் அந்தப் பட்டியலிலேயே கிடக்கும். அப்படிக் கிடக்கும் ஒவ்வொரு பிள்ளையும் எங்கே போனது என்று நாங்கள் விசாரித்து, காரணம் பதிய வேண்டும். இறந்துவிட்டது, தொழிற்கல்விக்குப் போய்விட்டது, வெளிமாநிலம் போய்விட்டது, இடைநின்றுவிட்டது என்று காரணங்கள் அங்கே வரிசையாக இருக்கும். ஒன்றைத் தொட்டால் போதும். இடைநின்றது என்று போட்டால் அந்தப் பிள்ளையைத் திரும்பச் சேர்க்கும்வரை நம் தலையில்தான். வெளிமாநிலம் என்று போட்டால் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை யாரும் தேட மாட்டார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் விமலா மேடம், வட்டார மேற்பார்வையாளர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. மாதக் கடைசியில் எங்களை ஒவ்வொருவராக எதிரே உட்காரவைத்து, பட்டியலில் உள்ள பெயர்களைத் தானே வாசிப்பார். கையில் பேனா வைத்துக்கொள்ள மாட்டார். பேனா இருந்தால் சீக்கிரம் முடிக்கத் தோன்றும் என்பார். ஒவ்வொரு பெயருக்கும் நாங்கள் காரணம் சொன்னதும் ஒரே கேள்விதான்: “பாத்தீங்களா, கேட்டீங்களா?”

கேட்டேன் என்றால் அந்தப் பெயர் அடுத்த மாதத்துக்குப் போகும். பார்த்தேன் என்றால்தான் பேனாவை எடுப்பார்.

நான் சேர்ந்த புதிதில் வாத்து மேய்ப்பவர்களின் பிள்ளைகள் மூன்று பேர் பட்டியலில் இருந்தார்கள். குமராட்சி பக்கம் அறுவடை முடிந்ததும் ஆயிரக்கணக்கில் வாத்துகளை ஓட்டிக்கொண்டு வயல் வயலாகப் போகிற குடும்பங்கள் உண்டு. இன்று இங்கே, நாளை எங்கேயோ. டீக்கடையில் விசாரித்தேன், ஆந்திரா பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். அதையே மேடத்திடம் சொன்னேன்.

“பாத்தீங்களா, கேட்டீங்களா?”

“கேட்டேன் மேடம்.”

“அப்ப வாங்க, பாத்துட்டு வரலாம்.”

மறுநாள் காலை என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தார். வரப்பில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். ஒன்றரை கிலோமீட்டர் தாண்டி, வாய்க்கால் மேட்டில் ஒரு தார்ப்பாய். அதற்குள் மூன்று பிள்ளைகளும் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேடம் என்னைத் திட்டவில்லை. “ஆந்திரா பக்கத்துலயே வந்துடுச்சு பாருங்க” என்றார். அந்த மூன்று பேரையும் விடுதிப் பள்ளியில் சேர்த்தோம். அதில் பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள் என்று பிறகு தெரிந்தது. என் பணிக்காலத்தில் பெருமையாகச் சொல்ல எனக்கு இருப்பது இந்த ஒன்றுதான். அதுவும் என்னுடையது அல்ல.

இனி துர்கா.

ஒரு ஆடி மாதத்தில் கொள்ளிடத்தில் தண்ணீர் கரையைத் தொட்டு வந்தது. கரையை ஒட்டி இருந்த ஒரு தெருவே மூழ்கியது. கூலி வேலைக்குப் போகிற முப்பது நாற்பது குடும்பங்கள். அவர்களை அந்தப் பிள்ளைகள் படித்த பள்ளியிலேயே தங்கவைத்தார்கள். வகுப்பறையில் அடுப்பு, கரும்பலகைக்கு மேலே கொடி கட்டிச் சேலை. பத்து நாள் பள்ளி இல்லை. தண்ணீர் வடிந்ததும், கரையில் இனி வீடு கட்டக் கூடாது, மாற்று இடம் வரும் என்று சொல்லி மிச்சமிருந்த சுவர்களையும் இடித்துத் தள்ளினார்கள். மாற்று இடம் வரும்வரை எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. தெரு கலைந்தது. ஆளுக்கொரு திசையாகச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனார்கள்.

அந்தத் தெருப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர் என் பட்டியலுக்கு வந்தார்கள். ஒவ்வொருவராகத் தேடிப் போனேன். பதினேழு பேரைக் கண்ணால் பார்த்தேன். பக்கத்துப் பள்ளிகளில் சேர்த்துவிட்டேன். மிஞ்சியது துர்கா. ஒன்பதாம் வகுப்பு. அப்பா சேகர், அம்மா அஞ்சலை. தந்திருந்த தொலைபேசி எண் அணைந்து கிடந்தது.

கார்த்திகை மாதம். மாவட்ட ஆய்வுக் கூட்டம் மறுநாள் கடலூரில். புயல் எச்சரிக்கை என்று மினிபஸ்கள் நின்றுவிட்டன. குமராட்சிக்குப் போய் விசாரிக்க அன்று நான் கிளம்பியது உண்மை. சிதம்பரம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது வீட்டிலிருந்து என் மனைவி அழைத்தாள். மகள் ஜெனிக்குக் காய்ச்சல், பள்ளியிலிருந்து கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள் என்றாள். ஜெனியும் ஒன்பதாம் வகுப்புதான். அவள் தும்மினால் எனக்குப் பயம் வரும். தெருமுனையில் அவள் தலை தெரியும்வரை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பவன் நான். அன்று கடலூரில் டெங்கு என்று வேறு பேச்சு.

அந்த நேரத்தில்தான் ஏழுமலை எதிரே வந்தார். கரைத் தெருவில் துர்காவின் பக்கத்து வீட்டுக்காரர். இப்போது பேருந்து நிலையத்தில் சுமை தூக்குகிறார்.

“என்னா சார், மழையில நிக்கிறீங்க?”

“உங்க தெரு சேகர் எங்கங்க? பொண்ணு பேரு துர்கா.”

“சேகரா? அவன் கேரளா போயி ரெண்டு மாசம் ஆவுது சார். கட்டட வேல. அங்கதான் சம்பளம் ஜாஸ்தியாமே.”

அடுத்த கேள்வி என் நாக்கில் இருந்தது. குடும்பத்தோடு போனாரா? ஐந்து விநாடி போதும் கேட்டுவிட. நான் கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளப் பல நாள் முயன்றேன். மறக்கவில்லை. கேட்டால் அவர் இல்லை என்று சொல்லிவிடுவார் என்று பயந்தேன். சொல்லிவிட்டால் நான் மறுபடி தேட வேண்டும்.

“ரொம்ப தேங்க்ஸ்” என்று சொல்லிவிட்டு வள மையத்துக்குத் திரும்பினேன். மேடம் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். ஒரே பெயர்தான் பாக்கி.

“துர்கா, க/பெ சேகர்னு தப்பா அடிச்சிருக்காங்க பாருங்க, த/பெ சேகர். எங்க இந்தப் பொண்ணு?”

“குடும்பத்தோட கேரளா போயிட்டாங்க மேடம்.”

“பாத்தீங்களா, கேட்டீங்களா?”

“பாத்தேன் மேடம். வீடு பூட்டியிருக்குது.”

பூட்டுவதற்கு அங்கே வீடே இல்லை. இடித்தாயிற்று. மேடத்துக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அத்தனை ஆண்டுகளில் நான் அவரிடம் பொய் சொன்னதில்லை. சொந்தக்காரர் வீட்டைச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். பேனாவை எடுத்தார். “பாக்கி இல்ல” என்றார், சந்தோஷமாக. நான் மூன்றரை மணிப் பேருந்தைப் பிடித்தேன். ஜெனிக்கு வெறும் சளிக் காய்ச்சல். மறுநாளே எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த ஆண்டு, பள்ளிகள் திறந்து இரண்டு மாதம் கழித்து, கடலூரில் தலைமையாசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. தேநீர் இடைவேளையில் மேற்குப் பக்கத்து முந்திரிக்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்த ராஜேந்திரன் என்கிற தலைமையாசிரியர் தன் நண்பரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். எப்போதும் ஒரு கூட்டத்தைச் சிரிக்கவைத்துக்கொண்டே இருக்கிற மனிதர்.

“மச்சான், என் ஸ்கூலுக்கு ஒரு கேரளாக்காரி வந்துச்சுய்யா. மூணு தடவ வந்துச்சு, ஒன்பதாவது சேத்துக்கோங்கன்னு. நம்பரப் போட்டா வெளிமாநிலம் கேரளான்னு காட்டுது. ‘ஏம்மா, அங்க டி.சி. வாங்கியாந்தியா’ன்னா முழிக்குது. நான் போவவே இல்லைங்குது. சரி, ‘நாலு வார்த்த மலையாளம் பேசு, சேத்துக்கறேன்’னேன்.”

“பேசிச்சா?”

“எங்க பேசறது! அழுதுட்டுப் போயிடுச்சு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டேன்.

“சார், அந்தப் பொண்ணு பேரு?”

“துர்கா. குமராட்சி பக்கம்னு ஏதோ சொல்லிச்சு. ஏன் ஆரோக்கியம் சார், உங்க சொந்தமா?”

அதற்கும் சிரித்தார்கள். என் வீட்டிலிருந்து அந்தக் கிராமம் ஒரு மணி நேரப் பயணம். மாவட்டத்தைக்கூட அவள் தாண்டவில்லை.

சனிக்கிழமை போனேன். அஞ்சலையின் தம்பி முந்திரிக் கொட்டை உடைக்கும் கொட்டகை ஒன்றில் வேலை பார்க்கிறார். கரைத் தெரு வீட்டை இடித்ததும் அம்மாவும் மகளும் அவரிடம் வந்திருக்கிறார்கள். நானும் அங்கேயே வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று சேகர் கேரளாவிலிருந்து சொல்லியிருக்கிறார், இன்னும் வரவில்லை. கொட்டகையில் பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாகக் குந்தி, வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். அதற்காகச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைக்கிறார்கள். கடைசியில் இருந்த பெண் எழுந்து வந்தாள். விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்திருந்தன.

“நீதான் துர்காவா?”

“ஆமா சார்.”

நான் யார் என்று சொன்னதும் அவள் முகம் மாறியது. வேகமாகப் பேச ஆரம்பித்தாள்.

“எங்கப்பாதான் சார் கேரளா போச்சு. நாங்க போவல. நான் அந்தப் பெரிய சார்கிட்ட எத்தினி தடவ சொன்னேன் தெரியுமா? கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்குதுன்றாரு. யாரு சார் அப்படி எழுதுனது?”

“கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பு நடந்துபோச்சும்மா” என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “எங்கப்பா போனது கம்ப்யூட்டருக்கு எப்படி சார் தெரியும்?”

பக்கத்திலிருந்த பெண் சிரித்துவிட்டு, “சாரையே மடக்குறா பாரு” என்றாள். நான் அஞ்சலையைப் பார்த்து, “பொண்ணு ஸ்கூலுக்குப் போவும், நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பதிவைத் திருத்துவது பெரிய வேலை இல்லை. முதலில் பதிந்தவர், நான் தவறாகப் பதிந்தேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மேற்பார்வையாளர் கையெழுத்திட்டு மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு பக்கக் கடிதம். அந்தக் கடிதத்தை எழுத எனக்குப் பதினேழு நாள் ஆயிற்று. விளக்கம் கேட்பார்கள், குற்றச்சாட்டுக் குறிப்பு வரலாம், பதவி உயர்வு நிற்கலாம். ஜெனி அப்போது பத்தாம் வகுப்பு. வீட்டில் எந்தக் கலவரமும் வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பிள்ளையின் பத்தாம் வகுப்புக்காக இன்னொரு பிள்ளையின் ஒன்பதாம் வகுப்பை இன்னும் பதினேழு நாள் தள்ளிப்போட்டேன்.

பதினெட்டாம் நாள் மேடத்தின் முன்னால் போய் நின்றேன். “கேட்டதுதான் மேடம், பாக்கல” என்றேன்.

அவர் மேசையிலிருந்த தாள்களை ஒதுக்கிவைத்தார்.

“பாத்தேன்னு சொன்னீங்களே சார்.”

“ஆமா மேடம்.”

“எழுதிக் குடுங்க. நானும் கையெழுத்துப் போட்டவதான். நானும் எழுதறேன்.”

அப்படியே தன் பெயரிலும் ஒரு விளக்கம் எழுதினார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக எழுதவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, மாதக் கடைசியில் என் பட்டியலை வாசிக்கும்போது, அந்தக் கேள்வியை என்னிடம் அவர் கேட்கவே இல்லை. மற்றவர்களிடம் கேட்டார். நான் காரணம் சொல்லி முடித்ததும் அடுத்த பெயருக்குப் போனார். கடலூரிலிருந்து வந்த குற்றச்சாட்டுக் குறிப்பு எனக்கு இந்த அளவுக்கு வலிக்கவில்லை.

கடிதம் மேசை மேசையாக நகர்ந்து, துர்காவின் எண் திரும்பக் கிடைத்தபோது ஐப்பசி முடிந்துவிட்டது. சேர்க்கைக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். ராஜேந்திரன் நல்லபடியாகத்தான் வரவேற்றார். “வாம்மா கேரளா!” என்றார். அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. விண்ணப்பத்தில் அவள் கையெழுத்துப் போடும்போது பேனா விரலில் நிற்காமல் வழுக்கியது. இரண்டு முறை எழுதிப் பார்த்து மூன்றாவது முறை போட்டாள்.

பத்தொன்பது நாள் போனாள். வகுப்பில் எல்லோரும் அவளைவிட ஒரு வயது இளையவர்கள். கணக்கில் பாதி பாடம் முடிந்திருந்தது. இவையெல்லாம் தாங்கக்கூடியவை. ஆனால் தலைமையாசிரியர் கூப்பிட்ட பெயரைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். வருகைப் பதிவு எடுக்கும்போது துர்கா என்றதும் பின்னாலிருந்து யாராவது “கேரளா” என்பார்கள், வகுப்பு சிரிக்கும். விரல்களைப் பார்த்து “புட்டு தின்னு கறுத்துப்போச்சா?” என்று கேட்டானாம் ஒரு பையன். இருபதாம் நாள் அவள் போகவில்லை. அரையாண்டுத் தேர்வு எழுதவில்லை. நான் இரண்டு முறை போய்ப் பேசினேன். ராஜேந்திரனிடமும் சொன்னேன். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். வகுப்பில் போய் எல்லோரையும் அதட்டினார். அதற்குப் பிறகு அவளைப் பார்த்தால் யாரும் பேசவே இல்லை என்று அவள் சொன்னாள்.

மாசி மாதம் கடைசி முறையாகப் போனேன். அவள் கொட்டகையிலிருந்து எழுந்து வந்தாள். கட்டையைக் கீழே வைக்கவில்லை.

“சார், என் பேர எடுத்துடுங்க. மாசா மாசம் ஃபோன் பண்ணி எப்ப வர்றன்னு கேக்கறாங்க. வேல நேரத்துல பேச வுட மாட்டேன்றாங்க.”

“தனியா எழுதிப் பாஸ் பண்ணலாம்மா. நான் சொல்லித் தர்றேன்.”

“இல்ல சார்.”

“ஏம்மா?”

“இல்ல சார்” என்றாள் மறுபடியும். கோபம் இல்லை. திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டாள். சாம்பலைத் தொட்டு, கொட்டையைக் கல்லில் வைத்து, தட்டினாள்.

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். எழுதியது நான்தான் என்று. மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்து இந்தப் பாவத்தைச் சொன்னபோது சாமியார், “ஆண்டவர் மன்னிப்பாரு, ஆனா அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லு” என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்காகவும்தான் போயிருந்தேன். சொல்லவில்லை.

பேருந்துக்கு நடந்தபோது அஞ்சலை பின்னாலேயே ஓடி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உடைந்த முந்திரி, அரை கிலோ இருக்கும்.

“வச்சுக்கோங்க சார். எடுத்தது இல்ல, எங்களுக்குக் குடுக்கிறதுதான்.”

“வேணாம்மா.”

“கொழந்தைக்குக் குடுங்க. கரையில இருந்து எங்கள வெரட்டினப்பவும் ஒருத்தர் வரல. இங்க வந்து ஒன்ற வருசமா ஒருத்தர் எங்க இருக்கீங்கன்னு கேக்கல. நீங்க ஒருத்தர்தான் சார் எங்கள தேடி வந்தீங்க. அவ படிக்கலன்னா அது எங்க தலையெழுத்து. நீங்க மனசுல வச்சுக்காதீங்க.”

பையை வாங்கிக்கொண்டேன். அவர் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

அந்த மாதப் பட்டியலில் துர்காவின் பெயருக்கு நேரே, இருக்கிற காரணங்களில் தேடி, “படிக்க விருப்பமில்லை” என்பதைத் தொட்டேன். அதைத் தொட்டாலும் பெயர் போய்விடும். கண்ணால் பார்த்துவிட்டு வந்து பதிந்தது. மேடம் அதை வாசித்தார். அடுத்த பெயருக்குப் போனார்.

தம்பி, நான் முடித்தது இப்படித்தான். உங்கள் முப்பது பேரும் அப்படியே நிற்கட்டும். கூட்டத்தில் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். இதைச் சொல்வதால் உங்களுக்கு எந்த நன்மையும் இல்லை என்று தெரியும். எனக்கும் மனம் லேசாகவில்லை. கரைத் தெருக்காரர்களுக்கு மாற்று இடம் இன்னும் வரவில்லை. துர்காவுக்கு இப்போது பதினெட்டு நடக்கும். அந்த ஊருக்கு நான் பிறகு போகவில்லை.

அந்த முந்திரியை என்னால் சாப்பிடவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. குளிர்பெட்டியில் பின்னால் தள்ளி வைத்திருந்தேன். வைகாசியில் பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. ஜெனி நல்ல மதிப்பெண். என் மனைவி அந்தப் பையை எடுத்து நெய்யில் வறுத்துப் பாயசத்தில் போட்டுவிட்டாள். எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. “எங்க வாங்குனீங்கப்பா, நல்லா இருக்கே” என்று கேட்டுக்கொண்டே ஜெனி இரண்டு தம்ளர் குடித்தாள். தெரிந்தவர் கொடுத்தார் என்றேன். எனக்கும் ஒரு தம்ளர் நீட்டினாள். குடித்தேன்.